எறும்பும் தன் கையால் எண் சாண்: பேஸ் கிற்றார் நெக்கின் அளவும் வாசிக்கும் கையும்

கொழும்பில் பேஸ் கிற்றார் (பாட்டுக்கு அடிநாதம் தரும் தடித்த தந்திக் கிற்றார்) வாங்கப் புறப்படுபவர்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி விலையைப் பற்றியதாக இருப்பது குறைவு. "என்ர கை சின்னன், எனக்கு எந்த நெக் சரிவரும்?" என்பதே அது. தந்திகளுக்கு அடியில் இடக்கை பிடிக்கும் நீண்ட தண்டையே நெக் என்கிறோம். கேட்பவர் கொட்டாஞ்சேனையில் தேவாலயப் பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்த பதினான்கு வயதுப் பையனாக இருக்கலாம்; வெள்ளவத்தையில் நண்பர்களோடு ஒரு பொப் குழு தொடங்கியிருக்கும் வங்கி உத்தியோகத்தராக இருக்கலாம்; சாதாரணக் கிற்றாரிலிருந்து பேஸுக்கு மாற விரும்பும் பெண்ணாகவும் இருக்கலாம். கேள்வி மாறுவதில்லை. அதற்குக் கிடைக்கும் பதிலும் மாறுவதில்லை: நட் அகலம், அதாவது நெக்கின் தலைப்பக்கத்து அகலம், 38 மில்லிமீற்றர் உள்ளதைப் பார்த்து எடுங்கள், அதுதான் ஒடுங்கிய நெக், சின்னக் கைக்கு அதுவே வசதி.

இந்தப் பதில் முழுப் பொய்யல்ல. ஆனால் நெக்கின் அளவு என்று ஒற்றை அளவு எதுவும் இல்லை. நீளம், அகலம், தடிப்பு, பின்புறத்து வளைவு எனக் குறைந்தது நான்கு அளவுகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றும் கையின் வேறொரு பகுதியிடம் வேறொரு வேலையைக் கேட்கிறது. விரல்கள் எவ்வளவு விரிய வேண்டும் என்பதை நீளம் தீர்மானிக்கிறது. விரல் நுனி எவ்வளவு தூரம் குறுக்கே எட்ட வேண்டும் என்பதை அகலம் தீர்மானிக்கிறது. பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையிலான வாய் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதைத் தடிப்பும் வளைவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இவற்றுள், விளம்பரத் தாளில் முதலில் அச்சிடப்படும் நட் அகலமே கைவலிக்கு மிகக் குறைந்த பொறுப்புடையது என்பது, இருபது வருடங்களாகத் தேவாலயத்திலும் திருமண மண்டபங்களிலும் பேஸ் வாசித்து வரும் என்னுடைய முடிவு. அதற்கான காரணங்களை அளவுகளோடு சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

விரல் விரியும் தூரம்

நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகள் அமர்ந்து செல்லும் சிறு துண்டை நட் என்கிறோம். உடற்பகுதியில் தந்திகள் ஊன்றி நிற்கும் இடம் பிரிட்ஜ். இவ்விரண்டுக்கும் இடையில் அதிரும் தந்தியின் நீளமே ஸ்கேல் எனப்படுவது. ச, ரி, க, ம என்று ஏறும் ஸ்கேலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்கக் கருவித் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸின் ஸ்கேல் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீற்றர். இன்று கடைகளில் தொங்கும் பேஸ்களில் மிகப் பெரும்பாலானவை அதே நீளத்தைத்தான் பின்பற்றுகின்றன.

இந்த 34 அங்குலம் நீளமா, குட்டையா என்பது எங்கிருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்தது. அன்றைய பேஸ்காரர்கள் ஆளுயர டபிள் பேஸை அணைத்து நின்று வாசித்தவர்கள். அதன் தந்தி ஒரு மீற்றரைத் தாண்டும். அவர்களுக்கு ஃபெண்டரின் கருவி கைக்கடக்கமான பொருளாகத் தெரிந்திருக்கும். 25½ அங்குலக் கிற்றாரில் பழகிவிட்டு வரும் நம்முடைய பிள்ளைக்கோ அதே நெக் முடிவில்லாமல் நீள்கிறது.

நெக்கின் குறுக்கே பதிக்கப்பட்டிருக்கும் உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகள் (வீணையில் மெட்டு என்று சொல்கிறோமே, அந்த உறுப்புதான்) ஒரு கணக்கின்படி வைக்கப்படுகின்றன. கலிலியோவின் தந்தையும் லூட் வாத்தியக்காரருமான வின்சென்சோ கலிலி 16ஆம் நூற்றாண்டில், மீதமுள்ள தந்தி நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி அடுத்த ஃபிரெட்டை வைக்கலாம் என்று எழுதினார். இன்று அந்த 18 என்பது 17.817 என்று திருத்தமாகக் கணிக்கப்படுகிறது. தலைப்பக்கத்தில் ஃபிரெட்டுகள் அகன்றும், உடலை நெருங்க நெருங்க நெருக்கமாகவும் இருப்பதற்குக் காரணம் இந்தப் பங்குக் கணக்கே.

இனி எண்களைப் பாருங்கள். 34 அங்குலப் பேஸில் முதலாம் ஃபிரெட்டிலிருந்து நான்காம் ஃபிரெட் வரை 130 மில்லிமீற்றர். 30 அங்குலப் பேஸில் அதே தூரம் 114 மில்லிமீற்றர். சாதாரண எலெக்ட்ரிக் கிற்றாரில் 97 மில்லிமீற்றர்தான். ஒரு ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று கிற்றாரில் பழகியவர் பேஸை எடுத்ததும் அதே பழக்கத்தை அங்கும் கொண்டுபோனால், அவருடைய சுட்டுவிரலும் சுண்டுவிரலும் மூன்று சென்றிமீற்றருக்கு மேல் கூடுதலாக விரிய வேண்டியிருக்கிறது. நட் அகலத்தில் மூன்று மில்லிமீற்றர் குறைவாக இருக்கிறதா என்று கடையில் தேடுபவர், இந்த மூன்று சென்றிமீற்றரைக் கவனிப்பதேயில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 34 அங்குலத் தந்தியில் இரண்டாம் ஃபிரெட்டுக்கு அப்பால் மீதமிருக்கும் நீளம் 769 மில்லிமீற்றர். 30 அங்குலத் தந்தியின் முழு நீளம் 762. ஆகவே குட்டை ஸ்கேல் பேஸ் ஒன்றை வாங்குவதும், நீள ஸ்கேல் பேஸில் முதல் இரண்டு ஃபிரெட்டுகளை மறந்துவிட்டு மூன்றாவதிலிருந்து வாசிப்பதும், விரல் விரிவைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்றே. நீள நெக்கில் கை வலிக்கிறது என்று வருபவரை ஐந்தாம் ஃபிரெட்டில் வைத்து அதே வரியை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பேன். அங்கே நான்கு ஃபிரெட்டுகளின் விரிவு 103 மில்லிமீற்றர்தான். அங்கும் வலித்தால் நீளத்தின் மேல் பழிபோட முடியாது. வேறு காரணம் தேட வேண்டும்.

நம் ஊரில் இது கூடுதலாக முக்கியம் பெறுவதற்கு நாம் வாசிக்கும் இசையும் ஒரு காரணம். நம் ஊர் ஆட்டப் பாட்டான பைலாவின் ஆறு எட்டு நடையில் பேஸ் பெரும்பாலும் சுருதியையும் பஞ்சமத்தையும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருக்கும். அதுவும் முதல் ஐந்து ஃபிரெட்டுகளுக்குள்ளேயே. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் காலத்துப் பொப் பாடல்களும் பைலாவின் உறவினர்களே. திருமண வீட்டில் ஒரு பைலா தொடர் தொடங்கினால் ஆடுபவர்கள் களைக்கும்வரை நிறுத்த விடமாட்டார்கள். இருபது நிமிடம் தொடர்ச்சியாக நெக்கின் மிக அகன்ற ஃபிரெட்டுகளில் கை உழைக்கிறது. இதற்கு மாறாக, இளையராஜாவின் 1980களின் பாடல்களை வாசிக்கும்போது பேஸ் தனியொரு மெல்லிசையாக நெக் முழுவதும் ஏறி இறங்குவதால், கை ஓரிடத்தில் விரிந்து கிடப்பதில்லை. கேட்க அது கடினமாக இருக்கும், வாசிக்கவும் கடினம்தான். ஆனால் கை வலிப்பது பைலாவுக்குப் பிறகுதான்.

டபிள் பேஸ்காரர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். கீழ்நிலைச் சுரங்களில் அவர்கள் சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றை மட்டும் கணக்கில் எடுத்து, மோதிர விரலைச் சுண்டுவிரலுக்குத் துணையாகப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். நான்கு விரல்கள், ஆனால் மூன்று சுரத்தானங்கள். இந்த 1-2-4 முறையை 34 அங்குல பேஸுக்குக் கொண்டுவந்தால், முதல் நிலையில் கை விரிய வேண்டிய தூரம் 89 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடுகிறது. கிற்றாரில் நான்கு விரலுக்குத் தேவைப்பட்ட 97ஐ விடவும் இது குறைவு! கையை அடிக்கடி நகர்த்த வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் நகரும் கை விரிந்து நிற்கும் கையைவிட நெடுநேரம் களைக்காமல் உழைக்கும். எறும்பும் தன் கையால் எண் சாண் என்பார்கள். சிறிய கைக்கு உரிய நெக்கைத் தேடுவதற்கு முன், இருக்கும் கையால் அளக்கும் விதத்தை மாற்றிப் பார்ப்பதற்குக் காசு ஒன்றும் செலவாகாது.

குட்டை ஸ்கேலின் நன்மையும் விலையும்

அதற்காகக் குட்டை ஸ்கேல் பேஸைத் தாழ்த்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கிப்சன் நிறுவனம் 1953இல் வெளியிட்ட தன் முதல் எலெக்ட்ரிக் பேஸையே 30½ அங்குலத்தில்தான் செய்தது. போல் மெக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க் நகரில் வாங்கிய ஹொஃப்னர் வயலின் பேஸ் 30 அங்குலம். ஃபெண்டரும் 1966இல் 30 அங்குல மஸ்டாங் பேஸை வெளியிட்டது. பெரியவர் கையில் இவை விளையாட்டுச் சாமான்கள் அல்ல என்பதற்கு இவ்வளவு சாட்சி போதும்.

விலை வேறிடத்தில் இருக்கிறது. ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு இழுக்கும்போது, அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 34 அங்குலத்திலிருந்து 30க்கு வந்தால் இழுவிசை ஏறத்தாழ 22 வீதம் குறைகிறது. அமுக்குவதற்கு இது சுகம். ஆனால் வினாடிக்கு 41 அதிர்வுகள் மட்டுமே உள்ள தடித்த ஈ தந்தி அந்தத் தளர்ச்சியில் கொடிக்கயிறு போல ஆடத் தொடங்கும்; அழுத்தி வாசிப்பவரின் கையில் ஃபிரெட்டில் அடித்துச் சத்தமிடும். தடித்த தந்தி போட்டு இதைச் சமாளிக்கலாம். போட்டால் மிச்சம் பிடித்த சுகத்தில் ஒரு பகுதி போய்விடும். ஒலியும் மாறுகிறது: அடிநாதம் உருண்டு திரண்டு வரும், மேற்சுரங்களின் கூர்மை குறையும். தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குக் கீழே அது அழகு. தபேலா, கீபோர்ட், இரண்டு பாடகர்கள், ஒரு இரைச்சலான மண்டபம் என்று இருக்கும் இடத்தில் அது கரைந்துவிடும் என்பது என் அனுபவம்.

இரண்டுக்கும் நடுவே 32 அங்குலக் கருவிகளும், ரிக்கன்பேக்கர் 4001 போன்ற 33¼ அங்குலக் கருவிகளும் உண்டு. 32 அங்குலம் நியாயமான சமரசம்தான். கொழும்புக் கடைகளில் நான் அதைக் கண்டது மிக அரிது.

நட் அகலம் உண்மையில் எவ்வளவு பேசுகிறது

1951இன் பிரிசிஷன் பேஸ் நட்டில் 1¾ அங்குலம், அதாவது 44.5 மில்லிமீற்றர் அகலம் கொண்டது. 1960இல் வந்த ஃபெண்டரின் இன்னொரு வகையான ஜாஸ் பேஸ் அதை 1½ அங்குலமாக, 38 மில்லிமீற்றராக ஒடுக்கியது. இன்றைய பிரிசிஷன் பேஸ்கள் பலவற்றில் 1⅝ அங்குலம், 41.3 மில்லிமீற்றர். ஆகக் கடையில் நாம் ஒப்பிடும் இரண்டு வகைகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மூன்று மில்லிமீற்றர் சொச்சம்.

இந்த மூன்று மில்லிமீற்றர் நான்கு தந்திகளுக்கு இடையிலான மூன்று இடைவெளிகளுக்குப் பங்கிடப்படுகிறது. ஓர் இடைவெளிக்கு ஒரு மில்லிமீற்றர்! அதுவும் நட்டில் மட்டுமே. பிரிட்ஜில் இரண்டு வகைகளிலும் தந்திகள் ஏறக்குறைய 19 மில்லிமீற்றர் இடைவெளியில்தான் நிற்கின்றன. ஆகவே நெக்கில் மேலே ஏற ஏற வித்தியாசம் தேய்கிறது: ஐந்தாம் ஃபிரெட்டில் 2.4 மில்லிமீற்றர், பன்னிரண்டாம் ஃபிரெட்டில் 1.6. கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டாம் ஃபிரெட்டைப் பிடித்து இது ஜாஸ், இது பிரிசிஷன் என்று சொல்லிவிடுவேன் என்பவர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் உணர்வது நெக்கின் பின்புற வடிவத்தையே.

ஒடுங்கிய நெக்கிலும் ஒரு தொல்லை இருக்கிறது. விரல் நுனி தடித்தவர்களுக்கு முதல் ஃபிரெட்டுகளில் பக்கத்துத் தந்தி தொடுபடும். சுத்தமாக ஒரு சுரத்தை நிறுத்திப் பிடிப்பது சிரமமாகும். ஒடுங்கிய நெக் சின்னக் கைக்கென்று படைக்கப்பட்டது என்ற எண்ணத்துக்கு எதிரான நல்ல உதாரணம் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். நீண்ட பெரிய விரல்களுக்குப் பேர்பெற்ற அவர், வாழ்நாள் முழுவதும் அடையாளமாகக் கொண்டது 1962இன் ஜாஸ் பேஸ் ஒன்றை. அதுவும் ஃபிரெட்டுகளை நீக்கிய ஒன்றை. மறுபுறம், மோட்டவுன் என்ற அமெரிக்க இசைப்பதிவு நிறுவனத்தின் எண்ணற்ற பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அகன்ற நெக் கொண்ட பிரிசிஷன் பேஸில், தந்திகளை உயர்த்தி வைத்து, வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டியவர். டபிள் பேஸிலிருந்து வந்தவருக்கு அது பெரிய சுமையாகத் தோன்றியிராது.

தடிப்பும் தோளும்

கையின் களைப்பைப் பொறுத்தவரை அகலத்தைவிட முக்கியம் தடிப்பு என்று நான் கருதுகிறேன். இபனீஸ் எஸ்.ஆர். வரிசையின் நான்கு தந்திப் பேஸ்கள் முதலாம் ஃபிரெட்டில் 19.5 மில்லிமீற்றர் தடிப்பே கொண்டவை. நட் அகலமும் 38 மில்லிமீற்றர்தான். பழைய பாணி நெக்குகள் இதைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடித்திருக்கும். மெல்லிய நெக் கடையில் பிடித்தவுடன் கையில் வழுக்கிக்கொண்டு போகிறது, வாங்கியும் விடுகிறோம்.

ஆனால் மெல்லியதெல்லாம் சுகமல்ல. அகப்பைக் காம்பை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கிண்டிப் பாருங்கள். பின்னர் உலக்கையைப் பிடித்துப் பாருங்கள். கைக்கு ஏற்ற தடிப்பு இருந்தால் உள்ளங்கை சுமையைப் பகிர்ந்துகொள்ளும். காம்பு மெல்லியதானால் பெருவிரலும் விரல் நுனிகளும் இடுக்கி போல் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பெருவிரலின் அடித்தசை முதலில் கடுப்பது மெல்லிய நெக்கில்தான். பெரிய கையுள்ள என் நண்பர் ஒருவர் மெல்லிய நெக்கில் மாதக்கணக்காக வலியோடு வாசித்துவிட்டு, தடித்த நெக் ஒன்றுக்கு மாறிய வாரமே வலி போய்விட்டது என்றார். சிறிய கையுள்ளவருக்கு இது தலைகீழாகவும் நடக்கலாம்.

தடிப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பின்புற வளைவு. ஆங்கில எழுத்துகளின் பெயரால் சீ, டீ, யூ என்று அவற்றை அழைக்கிறார்கள். நடுவில் ஒரே 21 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு நெக்குகளில், ஒன்று ஓரங்களை நோக்கி மெல்லச் சரியும். மற்றது ஓரம்வரை சதைப்பற்றோடு வந்து சட்டென்று மடங்கும். இரண்டாவதைச் சுற்றி வர விரல் கூடுதல் தூரம் போக வேண்டும். தோள் அகன்ற சட்டையும் ஒடுங்கிய சட்டையும் ஒரே கழுத்தளவில் வருவதைப் போன்றது இது. எந்த விளம்பரத் தாளிலும் இதற்கு ஓர் எண் கிடையாது, கைதான் அளவுகோல்.

பூச்சைப் பற்றியும் ஒரு வரி: பளபளப்பான வார்னிஷ் பூசிய நெக் குளிர்நாட்டுக்கு அழகு, கொழும்பின் புழுக்கத்தில் அது பெருவிரலைப் பிடித்துக்கொண்டு விடாது. பலர் மிக மென்மையான எஃகு நாரினால் பின்புறத்தை லேசாகத் தேய்த்து மங்கலாக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான்.

விரல்பலகையின், அதாவது நெக்கின் முன்பக்கத்தின், மேற்பரப்பு வளைவு (பழைய ஃபெண்டர்களில் 7¼ அங்குல ஆரை, இன்று பெரும்பாலும் 9½ அல்லது 12) கிற்றாரில் சர்ச்சைக்குரியதாக இருக்கலாம். தந்தியை அதிகம் வளைத்து இழுக்காத பேஸில் அதற்காக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. விசிறி போல் ஃபிரெட்டுகளைச் சரித்து, தடித்த தந்திக்கு 37 அங்குலமும் மெல்லிய தந்திக்கு 34 அங்குலமும் கொடுக்கும் டிங்வோல் போன்ற கருவிகளும் உள்ளன. பார்க்கப் பயமாக இருந்தாலும் கை விரைவில் பழகிவிடும் என்கிறார்கள், விலை பழகாது.

ஐந்து தந்திப் பேஸ் தனிக்கதை. பாடகரின் குரலுக்கேற்ப சுருதியை இறக்கும் வழக்கம் உள்ள நம் மேடைகளில், ஈக்குக் கீழே ஒரு பீ தந்தி மிகவும் உதவும். ஆனால் அதற்காக நட் 45 முதல் 48 மில்லிமீற்றர் வரை அகல்கிறது, சிலவற்றில் ஸ்கேலும் 35 அங்குலமாகிறது. இங்கே அகலம் நிச்சயமாகப் பேசுகிறது: பெருவிரல் நெக்கின் முதுகில் இன்னும் கீழே இறங்க வேண்டும், மணிக்கட்டு முன்னே தள்ளப்படும். இரவில் ஒரு பாடலுக்காக மட்டும் அந்தத் தந்தியைத் தேடுபவர், நான்கு தந்திப் பேஸில் ஈயை டீக்கு இறக்கிக்கொண்டாலே போதும்.

புழுக்கமும் குளிரூட்டியும்

இனி நான் மிக அழுத்திச் சொல்ல வேண்டிய பகுதி. என்னுடைய முதற்பேஸ் பிரிசிஷன் பாணியில் செய்யப்பட்ட மலிவான ஒன்று. முதலாம் ஃபிரெட்டில் ஈ தந்தியை அமுக்கி எஃப் சுரத்தைப் பிடிப்பதற்குள் கை இரும்பாகிவிடும். கை சிறிது, நெக் பெரிது என்று முடிவுகட்டி, அதை ஒன்றுவிட்ட தம்பிக்கு நட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, 38 மில்லிமீற்றர் நட் கொண்ட மெல்லிய பேஸ் ஒன்றை வாங்கினேன். வலி என்னோடு புதிய கருவிக்கும் குடிவந்தது. கடைசியில் மருதானைப் பக்கத்தில் வாத்தியங்கள் திருத்தும் ஒருவர் அதை வாங்கிப் பார்த்து, நட்டின் வெட்டுகளைச் சிறு அரத்தால் கொஞ்சம் ஆழமாக்கி, நெக்குக்குள் இருக்கும் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பித் தந்தார். வலி போனது. பிறகு தம்பியின் பேஸை இரவல் வாங்கி அதற்கும் அதே வைத்தியத்தைச் செய்வித்தேன். நான் விற்ற அந்தப் "பெரிய" நெக், புதியதைவிட என் கைக்குச் சுகமாக இருந்தது. தம்பி அதைத் திருப்பித் தரவில்லை, நியாயமும் அதுதான்.

இதற்குக் காரணம் எளிய பொறிமுறை. தந்தியை அதன் முனைக்கு அருகில் அமுக்குவது நடுவில் அமுக்குவதைவிடக் கடினம். முதலாம் ஃபிரெட் நட்டிலிருந்து 48 மில்லிமீற்றர் தள்ளித்தான் இருக்கிறது. அங்கே தந்தி ஃபிரெட்டுக்கு மேல் ஒரு மில்லிமீற்றர் உயரத்தில் நின்றால், அதை அரை மில்லிமீற்றருக்கு இறக்குவது அமுக்கும் விசையை ஏறத்தாழ பாதியாக்கிவிடும். மலிவான கருவிகள் நட் வெட்டு ஆழமாக்கப்படாமலேயே தொழிற்சாலையை விட்டு வெளியேறுவது வழமை, ஏனெனில் ஆழம் போதாதது திருத்தக்கூடிய குறை, ஆழம் கூடியது நட்டையே மாற்ற வைக்கும் குறை. பார்ப்பதற்கு வழி இருக்கிறது: தந்தியை மூன்றாம் ஃபிரெட்டில் அமுக்கிக்கொண்டு, முதலாம் ஃபிரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். ஒரு தடித்த காகிதத்தின் அளவு போதும். அதைவிட அகலமாக வெளிச்சம் தெரிந்தால் அரத்துக்கு வேலை இருக்கிறது.

அடுத்தது நெக்கின் வளைவு. நான்கு தந்திகளும் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ ஒரு வளர்ந்த மனிதரின் எடையளவு விசையோடு முன்னே இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதை எதிர்த்து நிற்பதற்காக நெக்குக்குள் ஓர் இரும்புக் கம்பி புதைக்கப்பட்டிருக்கிறது. டிரஸ் ரொட் என்கிறார்கள். கிப்சன் நிறுவனத்தில் வேலைசெய்த தாடியஸ் மக்ஹியூ 1921இல் இதற்குக் காப்புரிமை கோரினார். மரம் ஈரத்தை உறிஞ்சி வீங்கும், காய்ந்தால் சுருங்கும். கடற்கரை நகரமான கொழும்பில் காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் தாராளம். காலி வீதியில் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வியர்த்து வந்த பேஸ் குளிரூட்டிய மண்டபத்துக்குள் ஐந்து மணி நேரம் நிற்கிறது. திரும்பவும் புழுக்கத்துக்குப் போகிறது. இவ்வாறு மாறி மாறி நடந்தால் நெக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ வளையத்தான் செய்யும். முதலாம் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பிடித்தால், ஏழாம் எட்டாம் ஃபிரெட்டுகளின் மேல் சுமார் 0.3 மில்லிமீற்றர் இடைவெளி இருப்பது நல்லது. பதினேழாம் ஃபிரெட்டில் தந்தியின் உயரம் தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் பெரும்பாலான கைகள் முறையிடாது. டிரஸ் ரொட்டைத் திருப்புவதானால் ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுகி நின்றால் பலாத்காரம் செய்யாமல் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். முறிந்தால் நெக்கையே மாற்ற வேண்டி வரும்.

நட் அகலத்தில் மூன்று மில்லிமீற்றரைத் தேடி ஆயிரக்கணக்கான ரூபாவைச் செலவிடுபவர், முதலில் இந்த அரை மில்லிமீற்றரைத் தேட வேண்டும் என்பதே என் வாதம்.

வார் நீளமும் மணிக்கட்டும்

கருவி உடலில் எங்கே தொங்குகிறது என்பதும் நெக்கின் "அளவை" மாற்றுகிறது. வாரை நீளமாக விட்டு, பேஸை முழங்காலுக்கருகே தொங்கவிட்டு வாசிப்பது பார்வைக்குக் கம்பீரம்தான். ஆனால் அந்த நிலையில் விரல் தந்திக்கு எட்டுவதற்காக மணிக்கட்டு ஆழமாக மடங்க வேண்டியிருக்கிறது. மடங்கிய மணிக்கட்டில் விரல்களை இயக்கும் தசைநாண்களும், அவற்றோடு ஒரே ஒடுங்கிய பாதையில் செல்லும் நரம்பும் நெருக்கப்படுகின்றன, விரிவும் குறைகிறது. உங்கள் கையை நேராக நீட்டி விரல்களை விரித்துப் பாருங்கள். பிறகு மணிக்கட்டை முழுதாக மடித்து விரித்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எங்கே இருக்கிறதோ, நின்று வாசிக்கும்போதும் அங்கேயே இருக்குமாறு வாரைச் சுருக்கி, நெக்கின் தலையைச் சற்று மேலே தூக்கிக்கொண்டால் அதே நெக் ஓரிரு ஃபிரெட் குட்டையானது போல் இருக்கும். விரல்களில் விறைப்போ மரமரப்போ தொடர்ந்து இருந்தால் நெக்கை ஆராய்வதை விட்டுவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

சில கருவிகளில் தலைப்பக்கம் பாரம் கூடி, கையை விட்டதும் நெக் நிலத்தை நோக்கிச் சாயும். கிப்சன் தண்டர்பேர்டுக்கு இந்தப் பேர் நெடுநாளாக உண்டு. ஃபெண்டர் பாணிப் பேஸ்களின் மேற்கொம்பு பன்னிரண்டாம் ஃபிரெட் வரை நீண்டு, வாரின் முனையை அங்கே தாங்குவதால் சாய்வு குறைகிறது. சாயும் நெக்கை இடக்கை தாங்கிப் பிடித்துக்கொண்டே வாசிக்க வேண்டும். அந்த நெக் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் இரவு பத்து மணிக்கு மேல் கனக்கும். ஆகவே கடைக்குப் போகும்போது உங்களுடைய வாரைக் கொண்டுபோங்கள். கருவியைச் சுருதி சேர்த்துத் தரச் சொல்லுங்கள். தளர்ந்த தந்தியில் எல்லா நெக்கும் சுகம். நின்றுகொண்டு, முதல் நான்கு ஃபிரெட்டுகளில், பத்து நிமிடம் நிறுத்தாமல் ஒரு பைலா வரியை வாசியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பாதகமில்லை.

இவையெல்லாம் பார்த்த பிறகும் கை சம்மதிக்கவில்லை என்றால், பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் உண்மையிலேயே சிறிய கையுள்ளவர்களுக்கும் நான் 30 அங்குலத்தைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் அதற்குரிய தந்தியைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நீள ஸ்கேலுக்குரிய தந்தியை வாங்கி வெட்டிப் போடலாம் என்று தோன்றும். தடித்த சுற்று உள்ள பகுதி முறுக்காணியின் மேல் வந்து மடங்கினால் சுற்றுப் பிரிந்து, தந்தி செத்துப்போன ஒலி தரும். உள்ளூர்க் கடைகளில் குட்டை ஸ்கேல் தந்தி நான் கேட்ட வேளைகளில் இருந்ததைவிட இல்லாததே அதிகம். எங்கள் வீட்டில் அதற்குள்ள வழி, டிசம்பரில் ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ யார் வருகிறார்கள் என்று ஒக்டோபரிலேயே விசாரித்து, சொக்லேட்டுக்குப் பதிலாக இரண்டு சோடி தந்தி கொண்டுவரச் சொல்லிவைப்பதுதான். பெட்டியில் 30 அங்குலம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கும்படி படமும் அனுப்பிவிடுவோம்.